எல்லை தாண்டிய காதல் பாட்டு

ராஜதந்திரிகளால் ஆகாத காரியத்தைக் காதல் பாட்டுகள் சாதித்துவிட்டன என்று முடிப்பது, கொரிய சங்கீதத்தைப் பற்றி எழுதப் புகும் ரசிகர்களுக்கு இப்போது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. அவர்கள் தவறாமல் சாட்சிக்கு இழுப்பது, 1984-இல் தென்கொரியாவில் புகழ்பெற்று, வடகொரியத் தலைவராயிருந்த கிம் ஜோங்-இல்லின் அபிமானப் பாட்டு என்றே பெயர் வாங்கிய, சோய் ஜின்-ஹீயின் ‘காதலின் புதிர்வழி’.

பாட்டு நல்ல பாட்டுத்தான். கதறாமல், சற்றே கம்மிய குரலில் துயரத்தை அடக்கிச் சொல்லும் பாங்கு கேட்டவரை வசப்படுத்துவது. கிம் ஹீ-காப்பின் மெட்டும் எளிதில் வாயில் புரள்வது. அது இருக்கட்டும்.

நெடுநாளாக நான் சொல்லிவரும் ஆட்சேபம் வேறு. ஊரும் பேரும் காலமும் சொல்லாமல், காதலித்துத் தவிக்கும் மனத்தை மட்டுமே பேசும் இவ்வகைப் பாட்டு, தன்னை எவர் எடுத்தாண்டாலும் மறுப்பதில்லை. அது எல்லையைக் கடப்பதன் ரகசியம் இந்த இணக்கமே. 2016 ஜனவரியில் வடகொரியா அணுகுண்டுச் சோதனை நடத்தியதும், தென்கொரிய ராணுவம் எல்லையில் ஒலிபெருக்கிகளை மீண்டும் முழங்கவிட்டு, எதிர்ப்பக்கத்துச் சிப்பாய்களின் மனவுறுதியைக் குலைக்கும் பொருட்டு, ஐயூ முதலிய இளம்பாடகியரின் பாட்டுகளை ஒலிபரப்பிற்று. 2018 ஏப்ரல் முதல் நாள், பியோங்யாங்கில் நடந்த ‘வசந்தம் வருகிறது’ கச்சேரியில், வடகொரியத் தலைவர் கிம் ஜோங்-உன் மனைவியோடு வீற்றிருக்க, சோய் ஜின்-ஹீ தம் பாட்டைப் பாடினார். முன்னது யுத்த தந்திரம், பின்னது சமாதானத் தூது. எதைச் செய்வது என்று தீர்மானித்தவை சர்க்கார்கள், பாட்டுகளுக்கு அதில் அபிப்பிராயமே இல்லை. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் வடகொரியக் கலைஞர் சியோலுக்கு வந்து பாடுவதாகப் பேசிவைத்த பதில் கச்சேரியோ நடவாமலே போயிற்று. உருகியதாகச் சொல்லப்பட்ட உள்ளங்கள் அப்போது எங்கே போயிருந்தன?

இதைக் கேட்டால் நம் ரசிகர்கள் என்னை ரசனையற்றவன் என்பார்கள். என்னட்டும். 2020 டிசம்பரில் வடகொரியா இயற்றிய ‘பிற்போக்குச் சித்தாந்த, கலாசார நிராகரிப்புச் சட்டம்’, தென்கொரியப் பாட்டைக் கேட்டவனுக்கு ஆண்டுக்கணக்கான கட்டாய உழைப்பை விதிக்கிறது. தலைவருக்கு விருந்தாகப் படைக்கப்பட்ட சரக்கு, ஒரு மாணவன் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகக் கேட்கும்போது குற்றமாகிவிடுகிறது. அனுமதிச் சீட்டோடு போன ஒரு கச்சேரியைக் கண்டு, எல்லையே கரைந்தது என்று பூரிப்பவர்கள், அச்சீட்டில் கையெழுத்திட்டவரின் கௌரவத்தைத்தான் வளர்க்கிறார்கள். இந்தப் பாட்டைப் பற்றி இனி எழுதுவோர், அரங்கில் எழுந்த கரகோஷத்தை வருணிக்குமுன், அந்தச் சட்டத்தை ஒருமுறையேனும் படித்துவிட்டு எழுதுவார்களாக.