பஞ்சுக்குச்சியா, ஸ்கேனரா? வி.எஸ். ராமச்சந்திரனை மறுபடி வாசித்தபோது

மூளை பற்றி வாசிக்க ஆரம்பிக்கிற யாருக்கும் இன்னமும் 'பேண்டம்ஸ் இன் த பிரெயின்' (1998) புத்தகத்தைத்தான் கொடுப்பேன். எழுதியவர் வி.எஸ். ராமச்சந்திரன், நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் (கூட எழுதியவர் சாண்ட்ரா பிளேக்ஸ்லீ). ஆனால் அதில் எல்லாரும் சிலாகிக்கிற 'இல்லாத கை' பகுதியை இன்று அப்படியே ஏற்க முடியாது.

விபத்தில் இடது கையை இழந்த 17 வயதுப் பையன். கண்ணைக் கட்டிவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியால் கன்னத்தைத் தொடுகிறார். எங்கே தெரியுது? கன்னத்திலும் தெரியுது, இல்லாத கட்டைவிரலிலும் தெரியுது என்கிறான் பையன். மூளையின் மேற்பரப்பில் கைக்கான இடமும் முகத்துக்கான இடமும் பக்கத்துப் பக்கத்து மனை. கை போனதும் முகம் வேலி தாண்டி அந்தக் காலி மனையை ஆக்கிரமித்துவிட்டது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். 1991-ல் குரங்குகளிடம் கிடைத்த முடிவும் அதற்குத் துணையாக இருந்தது.

கேட்க அழகா இருக்கு. ஆனா பஞ்சுக்குச்சி தருவது ஒருவர் வாயால் சொல்கிற உணர்வை மட்டும்தான். எங்க தொழில் பாஷையில் அது லாக். லாக்கை வைத்து உள்ளே என்ன மாறியது என்று ஊகிக்கலாம், நிரூபிக்க முடியாது. அதற்கு மாற்றத்துக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட் வேண்டும். கையை வெட்டுவதற்கு முன்னால் யார் மூளையை ஸ்கேன் எடுத்து வைத்திருக்கிறார்கள்?

எடுத்தார்கள். 2025-ல் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு. டாமார் மாக்கின் குழுவினர், மருத்துவக் காரணத்துக்காகக் கையை எடுக்கவேண்டியிருந்த மூன்று பேரை, அறுவைக்கு முன்பும் பின்பும் ஸ்கேன் செய்தார்கள். ஒருவரை ஐந்து வருஷம் வரை. விரலை அசைக்கச் சொன்னார்கள். கை போனபின் இல்லாத விரலை அசைக்கச் சொன்னார்கள். கைக்கான வரைபடம் அப்படியே இருந்தது. உதட்டுக்கான இடம் வேலி தாண்டவில்லை. 2013-லேயே மாக்கின், இல்லாத கையில் வலி அதிகமுள்ளவர்களுக்குக் கைக்கான பகுதி நன்றாகவே பிழைத்திருக்கிறது என்று காட்டியிருந்தார்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது வெறும் வாசிப்பு சமாச்சாரம் இல்லை. பவர் பிரஸ்ஸில் விரல் கொடுத்தவர்களை டீக்கடையிலேயே பார்க்கலாம். வரைபடம் குழம்பியதால்தான் வலி என்றால், அதைத் திருத்துவது சிகிச்சை. வரைபடம் பத்திரமாக இருக்கிறதென்றால், வெட்டுப்பட்ட நரம்பு முனையைக் கவனிக்க வேண்டும். செயற்கைக் கைக்கு சிக்னல் எடுப்பவர்களுக்கும் இது நல்ல சேதி.

ராமச்சந்திரனின் கண்ணாடிப்பெட்டி (1996) வேறு கணக்கு. கால் இழந்த 22 பேரை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த 2007 சோதனையில், கண்ணாடி பார்த்த குழுவுக்கு வலி குறைந்தது. மூடிய கண்ணாடியோ கற்பனையோ அப்படி உதவவில்லை. சின்ன சோதனைதான். ஆனாலும் ஒப்பிட ஆள் வைத்துச் செய்தது. விளக்கம் தப்பாக இருந்தும் வைத்தியம் வேலை செய்யலாம். ராமச்சந்திரனின் வாசகர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஸ்கேனர் தரப்பையும் சும்மா விடக் கூடாது. மூன்றே பேர். அவர்கள் முக்கியமாக அளந்தது அசைவை. ராமச்சந்திரன் சோதித்ததோ தொடுகையை. கன்னத்தைத் தொட்டால் கட்டைவிரலில் ஏன் தெரிந்தது என்ற அந்தப் பையனின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.