எஸ். ராம்தாசின் நகைச்சுவை: பேச்சுவழக்கு நோக்கில் ஒரு மதிப்பீடு

ஈழத்துத் தமிழ் நகைச்சுவை நடிகருள், 2016இல் மறைந்த எஸ். ராம்தாஸ் வானொலி, மேடை, திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய நான்கிலும் இயங்கியவர். எனினும் மக்கள் அவரை ‘மரிக்கார்’ என்ற பாத்திரத்தின் பெயராலேயே அறிந்தனர். இலங்கை வானொலியின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்னும் நாடகத் தொடரில் உருவான அப்பாத்திரம், 1976இல் எஸ். ராமநாதன் இயக்கிய ‘கோமாளிகள்’ மூலம் திரைக்கு வந்தது.

இங்கு நகைச்சுவை முதன்மையாகப் பேச்சுமொழியிலேயே பிறக்கின்றது. மரிக்காராக ராம்தாஸ் முஸ்லிம் மக்களின் தமிழையும், அப்புக்குட்டியாக டி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழையும், உபாலியாக எஸ். செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழையும், ஐயராக பி. எச். அப்துல் ஹமீத் பிராமணத் தமிழையும் பேசினர். தென்னிந்தியப் படங்கள் கோலோச்சிய காலத்தில் இந்நாட்டின் பேச்சு வழக்குகளைத் திரையில் ஒலிக்கச் செய்தமை இக்குழுவினரின் சாதனையாகும். முஸ்லிம் ஒருவர் ஐயராகவும், முஸ்லிம் அல்லாத ஒருவர் மரிக்காராகவும் தோன்றியமை மனங்கொள்ளத்தக்கது. அதேவேளை, ஒரு சமூகத்தை அதன் உச்சரிப்பாகவே சுருக்கிவிடும் அபாயமும் இம்முறையில் உண்டு.

ஆயின், அந்நால்வருள் தோட்டத் தொழிலாளியின் குரல் இல்லை. ருவான்வெல்லைப் பகுதியின் இறப்பர்த் தோட்டங்களில் வாழ்வோர்க்கு இது எளிதிற் புலப்படும். சிங்களக் கிராமங்களின் அயலில் வாழும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு உபாலியின் தமிழ் விநோதமன்று. கடைத்தெருவில் அன்றாடம் கேட்கும் பேச்சே அது. அத்தொழிலாளியின் சொந்தத் தமிழுக்கோ அந்தக் கும்மாளத்தில் இடமில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பும் ஏற்பாடு நடைமுறையில் இருந்த காலத்திலேயே ‘கோமாளிகள்’ வெளிவந்தது என்பதை நாம் மறத்தலாகாது. நாட்டின் பல்வகைத் தமிழரையும் ஒன்றுகூட்டிய நகைச்சுவை, நாடற்றோராக்கப்பட்ட மக்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

1975இல் வந்த ‘புதிய காற்று’ மலையக வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. அங்கே தொழிலாளி துயருக்கும் போராட்டத்துக்கும் உரியவனாகின்றான். ஆனால் லயத்திலும் மலையிலும் கங்காணியையும் துரையையும் நையாண்டி செய்து சிரிக்கத் தெரிந்தவனும் அவனே. அச்சிரிப்புக்கு ஒரு மரிக்கார் வாய்க்கவில்லை.

இக்குறையை ராம்தாஸ் ஒருவர்மீது சுமத்துதல் பொருந்தாது. கொழும்பை மையமாகக் கொண்ட கலைச் சூழலின் எல்லை அது. பேச்சுவழக்கை வைத்து நிலையான பாத்திரம் ஒன்றைப் படைக்க முடியும் என்பதை அவர் நிறுவிக் காட்டினார். அவ்வழியில் தோட்டத் தமிழை, பிறர் கேலிக்குரியதாக அன்றி, அம்மக்களின் சொந்த நகைச்சுவையாக ஒலிக்கச் செய்வது மலையகக் கலைஞரின் கடனாகும்.