கொண்டையராஜுவின் நாட்காட்டி ஓவியங்கள்

நாட்காட்டியில் அச்சாகி வீடுதோறும் புகுந்த தெய்வப் படங்களைக் கலை எனக் கொள்ளலாமா என்னும் வினா அறிஞரிடையே இன்றும் நிலவுகின்றது. ஐரோப்பிய ஒளிநிழல் முறை, தஞ்சை ஓவியத்தின் அணிமிகுதி, நாடகத் திரைச்சீலை ஆகிய அனைத்தும் அவற்றில் விரவியுள்ளன. ஆதலின் அவை மரபு பிறழ்ந்த கலவை என்பாரும் உளர். இக்கருத்துப் பொருந்துமா என்பதைக் கோவிற்பட்டிக் கொண்டையராஜுவின் (1898–1976) ஓவியங்களைக் கொண்டு ஆராய்வோம்.

அவர் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்தில் தங்கியவர். நாடகக் குழுவிற்குத் திரை எழுதியவர். கோவிற்பட்டியில் நிலைத்தபின் மாணாக்கரோடு கூடி நாட்காட்டிகளுக்குத் தெய்வ உருவங்களை எழுதினார். சிவகாசி அச்சகங்கள் அவற்றை எங்கும் பரப்பின.

பல மரபுகள் கலத்தல் தானே குற்றமாகாது. கலந்தவை எதற்கு அடங்கி நிற்கின்றன என்பதே நோக்கற்பாலது. அவர்தம் தெய்வ முகங்கள் பெரும்பாலும் காண்பாரை நேரே நோக்குவன. உடலின் திரட்சி மேனாட்டு முறையால் அமைந்தது. பின்னே தோன்றும் மலையும் பொய்கையும் மண்டபமும் நாடகத் திரையின் வழிவந்தவை. அணிகலன்கள் திருவிழாக்கால உற்சவத் திருமேனியை நினைவூட்டுவன. இவை யாவும் அந்நோக்கிற்கே துணைசெய்கின்றன; முகத்தின்மேல் ஆழ்ந்த நிழல் விழுவதில்லை. ஆண்டு கழிந்தபின்னும் மக்கள் அப்படங்களைச் சட்டமிட்டு வழிபட்டமைக்கு இதுவே காரணம் என்க.

இலக்கியத்திலும் இதற்கு ஒப்புமை உண்டு. கோவிற்பட்டிக்கு அண்மையிலுள்ள கழுகுமலை முருகன்மீது அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) பாடிய காவடிச் சிந்து, காவடி எடுப்போர்தம் மெட்டையும் புலவர்தம் சொல்லணியையும் ஒருங்கே கொண்டது. அதனைக் கலவை என நாம் ஒதுக்குவதில்லை. இலக்கியமெனப் பாடம் சொல்கின்றோம். சொல்லுக்கு ஒரு நீதியும் வண்ணத்திற்கு மற்றொரு நீதியும் வழங்குதல் முறையன்று.

குறையும் இல்லாமலில்லை. வணிகத்தின் விரைவு ஒரே முகச்சாயலைப் பல தெய்வங்களுக்கும் அளித்துவிட்டது. கைப்பொருளையும் ஊர்தியையும் நீக்கினால் இலக்குமி யார், கலைமகள் யார் எனப் பிரித்தறிதல் சில படங்களில் அரிதாகும். சிந்தின் ஆசிரியரிடம் காணும் தனித்த முத்திரை இத்தகைய இடங்களில் மங்குகின்றது.

கனடிய அறிஞர் ஸ்டீபன் இங்கிலிசு இவ்வோவியரைப் பற்றி ஆராய்ந்துள்ளார். நம் தமிழ்த் துறைகளும் இப்பணியில் ஈடுபடுதல் வேண்டும். கோவிற்பட்டியைப் போன்றே நம் குடியாத்தமும் தீப்பெட்டித் தொழிலால் அறியப்பட்ட ஊர். தீப்பெட்டிகளின்மேல் ஒட்டப்பெறும் சிறு படங்களும் இக்கலவை மரபின் கிளைகளேயாம். ஓலைச்சுவடிகள் கரையானுக்கு இரையானமைக்கு வருந்தும் நாம், இத்தாள்களைக் குப்பைக்கு விடுதல் தகுமோ? கல்லூரி நூலகங்கள் இவற்றைத் திரட்டிக் காத்தல் வேண்டும். மூலங்கள் அழிந்தபின் மரபை மதிப்பிடுதல் இயலாது.