வரையாததைக் கணினி காட்டாது

ஒரு மீட்டர் கேபிளில், எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில், 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோஆம்பியர் ஓடட்டும். மூன்று மீட்டர் தள்ளி வைத்த ஆன்டெனாவில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 மைக்ரோவோல்ட் புலம் வந்து விழும். வீட்டுச் சாதனங்களுக்கு அமெரிக்காவின் எஃப்.சி.சி. 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை வைத்திருக்கும் வரம்பும் அதே 100தான். ஆனால் அந்த 5 மைக்ரோஆம்பியர் எந்த ஸ்கீமாடிக்கிலும் இருக்காது. போர்டுக்கும் உறைக்கும் நடுவே யாரும் கேட்காமலே அமைந்துவிட்ட மின்தேக்கத்தின் வழியாக அது ஓடுகிறது. மின்காந்தக் குறுக்கீட்டைத் தீர்க்கக் கணினி மாதிரியாக்கம் கற்கும் எவரும் முதலில் மோதிக்கொள்ளும் சுவர் இதுதான். மென்பொருளுக்குத் தெரிவது நாம் வரைந்து கொடுத்தது மட்டுமே. குறுக்கீடோ பெரும்பாலும் நாம் வரையாததிலிருந்து பிறக்கிறது.

அதற்காக இந்தக் கலையைத் தள்ளிவிட முடியாது. சோதனைக் கூடம் எந்த அதிர்வெண்ணில் எத்தனை டெசிபெல் மீறியது என்று சொல்லும்; எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. மாதிரியில் கேபிளைக் கழற்றலாம், ஒரு திருகைச் சேர்க்கலாம், மற்ற எதையும் தொடாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். நிஜப் போர்டில் அவ்வளவு சுத்தமாக எதையும் பிரித்துப் பார்க்க இயலாது.

திரும்பும் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த அதிர்வெண்ணில் அது கிரவுண்ட் பிளேன் முழுக்கப் பரவி, மின்தடை குறைந்த வழியில் போகும். மெகாஹெர்ட்ஸை எட்டியதும் டிரேஸுக்கு நேர் கீழே ஒடுங்கிவிடும். அங்கேதான் சுற்றின் தூண்டம் மிகக் குறைவு. குறுக்கே பிளேனில் ஒரு பிளவு இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தச் சுற்றுவழியில் எழும் மின்னழுத்தமே கேபிளை ஆன்டெனாவாக ஆட்டுவிக்கிறது. பாடப்புத்தகத்தில் இதைப் பத்து முறை படித்தும் பிடிபடாத மாணவருக்கு, பிளவோடு ஒன்றும் பிளவில்லாமல் ஒன்றுமாக இரண்டு மாதிரிகளை ஓட்டிப் பார்த்தால் ஒரே பிற்பகலில் விளங்கிவிடும். கற்பிக்கும் கருவி என்ற வகையில் இதற்கு நிகர் இல்லை என்பேன். ஓப்பன்இஎம்எஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இருப்பதால் செலவும் ஒரு தடையில்லை.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. வெளியைச் சிறு கட்டங்களாக வெட்டிக் கணக்கிடும், கேன் யீ 1966இல் தந்த முறையில்தான் இன்றும் பல மென்பொருள்கள் ஓடுகின்றன. 1 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 30 சென்டிமீட்டர். ஒன்றரை சென்டிமீட்டர் கட்டமே போதும் என்று தோன்றும். ஆனால் டிரேஸுக்கும் பிளேனுக்கும் இடைவெளி 0.2 மில்லிமீட்டர். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்காகும், காலப்படிகளும் இரட்டிக்கும். ஆக வேலை 16 மடங்கு. போர்டு, உறை, கேபிள் மூன்றையும் ஒரே மாதிரியில் அடைக்க ஆசைப்படுபவர்கள் இங்கேதான் வாரக்கணக்கைத் தொலைக்கிறார்கள்.

காத்திருந்து விடை வந்தாலும் நம்பலாமா? 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைக் குற்றமற்ற கெப்பாசிட்டராகவே கொடுத்தால், 100 மெகாஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு 0.016 ஓம் என்று கணினி காட்டும். அதன் கால்களிலும் வயாவிலும் 1 நானோஹென்றி தூண்டம் இருந்தால், 16 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதுமே அது தூண்டிபோல நடக்கும். 100 மெகாஹெர்ட்ஸில் 0.6 ஓமைக் கடந்துவிடும். கிட்டத்தட்ட நாற்பது மடங்கு பிழை. திரையில் அதற்கு எச்சரிக்கை வராது. சிவப்பும் நீலமுமாக அழகான படம்தான் வரும். அந்தப் படம் ஆய்வுக் கூட்டத்தில் கேள்விகளையெல்லாம் அடக்கிவிடும் என்பது தனிக் கதை.

இதைவிடப் பெரிய ஓட்டை, மூலம். சிப்புக்குள்ளே சத்தம் எவ்வளவு எழுகிறது என்பதைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் தருவதில்லை. மூலத்தை ஊகித்துப் போட்டுவிட்டு, வரம்புக்கு மூன்று டெசிபெல் கீழே இருக்கிறோம் என்று அறிக்கை எழுதுவது ஜோசியம். இரண்டு வடிவமைப்புகளில் எது மேல், எவ்வளவு மேல் என்று கேட்டால் மாதிரி ஓரளவு நேர்மையாகப் பதில் சொல்லும். தேறுமா தேறாதா என்று கேட்டால் அதே நேர்மையை எதிர்பார்க்க முடியாது. பயிற்சி வகுப்புகள் பல இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுப்பதில்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதில் நேரம் போய்விடுகிறது. கணக்கீட்டு மின்காந்தவியலைச் சரிபார்ப்பதற்கென்றே ஐ.இ.இ.இ. 2008இல் 1597.1 என்ற தரத்தை வெளியிட்டது. சிமுலேஷன் கற்றவர்களிடையே அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

கற்கும் வரிசையைத் தலைகீழாக்கினால் பாதி ஓட்டைகள் அடைபடும். முதலில் காகிதக் கணக்கு. தொடக்கத்தில் சொன்ன 100 மைக்ரோவோல்ட் ஒரே வரிச் சூத்திரத்தில் வருவது, அதற்கு மென்பொருள் வேண்டியதில்லை. பிறகு கேபிளில் கிளாம்ப் புரோபைக் கவ்வவிட்டு உண்மையான மின்னோட்டத்தை அளக்க வேண்டும். அந்த எண்ணையே மாதிரிக்கு மூலமாகக் கொடுத்தால், எங்கே ஃபெரைட் போடுவது, பிளேனில் எந்த இடத்தை இணைப்பது என்ற கேள்விகளுக்குக் கணினி சொல்லும் பதிலை நம்பி போர்டை வெட்டி ஒட்டத் தொடங்கலாம்.