நகர்தலும் வளர்தலும்

கிறிஸ்தவம் தமிழுக்கு அச்சைத் தந்தது, அகராதியைத் தந்தது, உரைநடையை வளர்த்தது என்று கணக்கெழுதுவதோடு நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் திருப்தியடைந்துவிடுகிறார்கள். விசுவாசம் ஒரு மனிதனுக்குள் என்ன செய்தது, அது தமிழ்க் கவிதையில் எங்கே பதிவாகியிருக்கிறது என்ற கேள்வி எழுவதேயில்லை. எனக்கு அதுதான் கேள்வி.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையை எடுத்துக்கொள்கிறேன். வைஷ்ணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்தவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். 1894இல் வெளிவந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' ஜான் பன்யனின் உருவகக் கதையைத் தழுவிய காவியம். நாச நகரத்தை விட்டு மோட்ச நகரத்தை நோக்கி ஒருவன் நடக்கிறான். உருவகக் கதையின் சங்கடம் என்னவென்றால், அதில் மனநிலைகள் இடங்களாகிவிடுகின்றன. நம்பிக்கையிழப்பு ஒரு சேறு. கரையேறிவிட்டால் அது பின்னால் போய்விட்டது. உள்ளுக்குள் அப்படி நடப்பதில்லை. தாண்டிய சேறு நாளைக் காலை மறுபடி வாசலில் கிடக்கும். கம்பனில் தோய்ந்த செய்யுள் தேர்ச்சி இந்தக் குறையை மறைக்கிறதே தவிர நீக்கவில்லை. யாத்திரிகன் நகர்கிறான், வளர்வதில்லை.

வளர்ச்சி தெரிவது கதை நின்றுவிடும் இடங்களில்தான். காவியத்தினூடே 'தேவாரம்' என்ற பெயரிலேயே இசைப்பாடல்கள் வருகின்றன. வைஷ்ணவனாகப் பிறந்து கிறிஸ்தவனானவன் தன் பாட்டுக்குச் சைவத்தின் சொல்லை எடுத்துக்கொள்கிறான். பக்திக் கவிகளின் பழைய மன்றாட்டு அங்கே வேறொரு பெயரை அழைக்கிறது. பழையதை உதறியெறிந்த மனசல்ல இது. பழைய வேர் புது மண்ணைப் பிடித்துக்கொண்ட மனசு. ஞானஸ்நானம் ஒரு நாள் சம்பவம். இந்தக் குரல் முப்பத்தாறு வருஷக் காரியம்.

இந்த வித்தியாசத்தை வாழ்க்கையில் பார்க்க, கள்ளக்குறிச்சிக்காரனான நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கல்வராயன் மலைக்குக் கிழக்கே, தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர் இருக்கிறது. 2019 முதல் எங்கள் மாவட்டம். இருட்டில், இடைகழியில் மூன்று ஆழ்வார்கள் நெருக்கியடித்து நின்றபோது நாலாவதாக ஒருவனை உணர்ந்ததாக ஐதீகம். அதே ஊரில் டேனிஷ் மிஷன் ஊழியராக இருந்தவர் எஸ்தர் ஃபேரிங். 1917இல் அவர் சபர்மதிக்குப் போய் காந்தியைச் சந்தித்தார். மிஷனுக்கு அந்தத் தொடர்பு பிடிக்கவில்லை. காந்தி அவருக்கு எழுதிய கடிதங்கள் 1956இல் நவஜீவன் வெளியீடாக, 'மை டியர் சைல்ட்' என்ற தலைப்பில் வந்தன. எஸ்தர் எழுதியவை அதில் இல்லை. பதில்களிலிருந்து கேள்விகளை ஊகித்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

மதம் மாறும்படி காந்தி கேட்கவில்லை. எஸ்தரின் நெருக்கடி வேறு. தன்னை அனுப்பிய சபைக்குக் கீழ்ப்படிவதா, அந்தச் சபை போதித்த கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படிவதா? பன்யனின் வழியில் இந்த இடத்துக்குப் பெயரில்லை. அங்கே வழிமறிப்பவன் அரக்கனாகவோ வஞ்சகனாகவோ இருப்பான். இங்கே மறிப்பவர்கள் உடன் ஜெபித்தவர்கள். எஸ்தர் பின்னால் மிஷனை விட்டார், கிறிஸ்துவை விடவில்லை. இடைகழி நெருக்கம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. இடமில்லாமல் போகிறபோதுதான் யார் உடனிருக்கிறார் என்பது தெரிகிறது.

நம் புதுக்கவிதைக்காரர்கள் சிலுவையைத் தாராளமாகச் செலவழித்திருக்கிறார்கள். துன்பப்படுகிற எவனையும் அதில் ஏற்றிவிடலாம். படிமம் தயாராகக் கிடைக்கிறது. விசுவாசி ஒருவனின் சாதாரணச் செவ்வாய்க்கிழமை மட்டும் கவிதைக்குள் வரவில்லை. அதிசயம் எதுவும் நடக்காத, ஜெபம் வறண்ட, ஆனாலும் எழுந்து வேலைக்குப் போகிற நாள் அது. உள்வளர்ச்சி என்று ஒன்றிருந்தால் அது அந்த நாட்களில்தான் நடந்தாக வேண்டும்.

கிருஷ்ண பிள்ளையின் தேவாரத்தைச் சபைகளில் இன்னும் பாடுகிறார்கள். கவிதை எழுதுகிற நாம்தான் படிக்காமலிருக்கிறோம். அவர் விசுவாசம் நமக்கு வேண்டியதில்லையென்றால் இருக்கட்டும். கடன் வாங்கிய சொல் எப்படித் தன் சொல்லாயிற்று என்பதையாவது அவரிடம் பார்க்க வேண்டாமா?