கேட்பவர் ஆள்பவரானபோது

தமிழில் 'கேள்' என்னும் ஒரே வினைச்சொல் செவிகொடுப்பதையும் குறிக்கும், வினவுவதையும் குறிக்கும். வானொலியில் நேயர்களின் தொலைபேசி அழைப்புகளை ஏற்றுப் பேசும் தொகுப்பாளருக்கு இந்த இரண்டும்தான் தொழில். அதில் தேர்ந்த ஒரு பெண் ஆட்சிக்கு வந்தால் மக்களைக் கூடுதலாகக் கேட்பார் என்று நம்பத் தோன்றும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாண முதல்வர் டானியேல் ஸ்மித்தின் அரசியல் வாழ்வை, இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கவே நான் வாசிக்கிறேன்.

செய்தித்தாளில் தலையங்கம் எழுதியவர், தொலைக்காட்சியில் பேட்டி நிகழ்ச்சி நடத்தியவர் ஸ்மித். 2009இல் வைல்ட்ரோஸ் கட்சியின் தலைவரானார். 2012 தேர்தலில், மாகாணத்தின் முதல் பெண் முதல்வரான அலிசன் ரெட்ஃபோர்டை எதிர்த்து 17 இடங்கள் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். அந்தப் பிரசாரத்தின்போது, இளம் குடும்பங்கள்மீது இத்தனை அக்கறை கொண்டவருக்கு ஏன் குழந்தை இல்லை என்று முதல்வர் தரப்பு ஊழியர் ஒருவர் ட்விட்டரில் கேட்டார். தானும் கணவரும் குழந்தைக்காக முயன்றும் வாய்க்கவில்லை என்று ஸ்மித் ஊரறியச் சொல்ல வேண்டிவந்தது. ஆண் தலைவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அந்த இடத்தில் நான் தயக்கமின்றி அவர் பக்கம் நிற்பேன்.

2014 டிசம்பரில் தன் கட்சியின் எட்டு உறுப்பினர்களோடு ஆளும் கட்சிக்குத் தாவினார். மறு ஆண்டு அந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே தோற்றார். பிறகு 2021 தொடக்கம் வரை கால்கரியில் வானொலித் தொகுப்பாளர். முடிந்துபோனதாகத் தோன்றிய அரசியல் வாழ்வுக்கு ஒலிவாங்கிதான் உயிர் கொடுத்தது.

பேச்சு வானொலியின் இலக்கணம் எளிது. மனக்குறை உள்ளவர் அழைக்கிறார். தொகுப்பாளர் ஆதரவாக உம் கொட்டுகிறார். அழைக்காதவர் அந்த உலகத்தில் இல்லை. யாருடைய அழைப்பை எடுப்பது, எப்போது துண்டிப்பது என்பதெல்லாம் தொகுப்பாளர் தரப்பின் கையில். 2022 அக்டோபரில் முதல்வராகப் பதவியேற்ற அன்றே, தடுப்பூசி போடாதவர்களே தன் வாழ்நாளில் தான் கண்டதில் மிக அதிகப் பாகுபாட்டுக்கு உள்ளானவர்கள் என்றார் ஸ்மித். பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த வரலாறுள்ள மண்ணில் நின்று சொன்னது இது. எதிர்ப்பு எழுந்ததும் மறுநாள் விளக்கம் தந்தார். ஆனால் அவர் காதில் யாருடைய அழைப்பு ஒலித்துக்கொண்டிருந்தது என்பது தெரிந்துவிட்டது.

2023 மே தேர்தலில் இரு பெரும் கட்சிகளுக்கும் பெண்களே தலைமை. ஸ்மித்துக்கு 49 இடங்கள், ரேச்சல் நாட்லிக்கு 38. "பெண் முதல்வரானதே பெரிய விஷயம் இல்லையா மேடம்?" என்று என் மாணவிகள் கேட்பதுண்டு. பெரிய விஷயம்தான். ஆனால் அதோடு வாசிப்பை நிறுத்த முடியாது.

2024 ஜனவரி இறுதியில் ஒரு காணொலியில், திருநர் பிள்ளைகளைப் பற்றிய கொள்கைகளைத் தாய்மை தொனிக்கும் மென்குரலில் அறிவித்தார். அவ்வாண்டே அவை சட்டங்களாயின. பதினாறு வயதுக்குட்பட்டவர் பள்ளியில் தன் பெயரை மாற்றிக்கொள்ளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அந்த வயதினருக்குப் பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளுக்கும் தடை. தன் உடலைப் பற்றி ஊருக்குப் பதில் சொல்ல நேர்ந்த பெண், இன்னொருவரின் உடலைச் சட்டத்தின் விசாரணைக்கு உட்படுத்துகிறார். எனக்கு வலிப்பது இந்த இடம்தான்.

கனடாவின் அரசியல் சாசனத்தில் ஒரு பிரிவு உண்டு. உரிமைப் பட்டயத்தின் சில உரிமைகளை மீறினாலும் ஒரு சட்டத்தை ஐந்தாண்டுகள் நடைமுறையில் வைத்திருக்க அது வழிவிடுகிறது. 2025 அக்டோபரில் ஏறக்குறைய 51,000 ஆசிரியர்களின் வேலைநிறுத்தத்தை முடிக்க ஸ்மித் அரசு அந்தப் பிரிவைக் கையிலெடுத்தது. டிசம்பரில் திருநர் தொடர்பான சட்டங்களுக்கும் அதையே கவசமாக்கியது. மருந்துத் தடையை நீதிமன்றம் தற்காலிகமாக நிறுத்திவைத்து அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வானொலியில் அழைப்பைத் துண்டிக்கும் பொத்தான், ஆட்சியில் இந்த வடிவத்தில் வந்து சேர்ந்திருக்கிறது.

முதல்வரான பின்னும் 2023இல் அவர் நேயர் அழைப்பு நிகழ்ச்சியைத் தொடங்கினார். அதனால் அவர் மக்களைக் கேட்பதில்லை என்று சொல்லிவிட முடியாது, கேட்கிறார். பெண்ணியவாதிகள் கேட்க வேண்டியது வேறு: அழைக்க முடியாத பதினான்கு வயதுப் பிள்ளையின் குரல் அந்த நிலையத்தை எந்த வழியாகப் போய்ச் சேரும்? நீதிமன்றம் என்ற வழி ஒன்று இருந்தது. அதையும் அடைத்தவர் ஒரு பெண் என்பதால் நம் விமர்சனத்தின் குரல் தாழ வேண்டியதில்லை.