77க்குள் ஒரு ரகசியம்

லீவுக்கு வீடு வந்த கெம்பஸ் பிள்ளைகளைக் கூட்டி, லுணுகலையில் ஒரு டியூசன் அறையில் கிரிப்டோகிராபி கருத்தரங்கு நடத்துகிறேன். இதைவிடச் சந்தோஷமான வேலை எனக்கு வாய்த்ததே இல்லை! பேராதனை, யாழ்ப்பாணம், பதுளை ஊவா வெல்லஸ்ஸ என்று ஆளுக்கொரு பக்கம் படிப்பவர்கள். கரும்பலகையும் ஒரு பிளாஸ்க் பிளேன்டீயும் இருந்தால் போதும், பொழுது சாய்வது தெரியாது.

எங்கள் விஷயம், பாதுகாப்பைக் கணிதமாக நிறுவுவது. 'யாராலும் உடைக்க முடியாது' என்று மார்தட்டுவதில் என்ன இருக்கிறது? உடைப்பது என்றால் என்ன என்று முதலில் வரையறுக்க வேண்டும். பிறகு, இதை உடைக்கத் தெரிந்தவனுக்கு இன்ன கடினமான கணக்கையும் போடத் தெரியும் என்று காட்ட வேண்டும்.

அந்த வரையறையை நாங்கள் விளையாடியே பார்க்கிறோம். எதிராளியாக ஒரு தங்கச்சி. அவள் இரண்டு செய்திகளைத் தருவாள்: நாட்சம்பளம் 1350, அல்லது 1700. தேயிலைத் தோட்டத்தில் இந்த எண்களுக்கு விளக்கம் தேவையில்லை. நான் மறைவில் காசைச் சுண்டி, ஒன்றை மட்டும் பூட்டிக் கொடுப்பேன். எது என்று அவள் சொல்ல வேண்டும்.

முதல் ஆட்டம் பாடப்புத்தக ஆர்எஸ்ஏ என்ற பூட்டும் முறை. 1350க்கு 2, 1700க்கு 3 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தி 33ஆல் வகுத்தால் மீதி 8 அல்லது 27. திறப்பு பகிரங்கமானது, அவளே இரண்டையும் போட்டுப் பார்த்து, என் சீட்டோடு ஒப்பிட்டுச் சிரித்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கே வெற்றி!

அடுத்தது, 1982இல் ஷஃபி கோல்ட்வாசரும் சில்வியோ மிக்காலியும் தந்த முறை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் புல்லரிக்கும். 77ஐ எடுங்கள். 1350 என்றால், 77உடன் பொதுக் காரணி இல்லாத, மனம்போன ஒரு எண்ணின் வர்க்கத்தை 77ஆல் வகுத்த மீதி: 4, 9, 25. 1700 என்றால் அந்த மீதியை 77இலிருந்து கழித்தது: 73, 68, 52. ஒரே செய்தி தடவைக்குத் தடவை வேறு முகத்தோடு வரும். 77இன் காரணி 7 என்று தெரிந்தவர் மட்டும் 7ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதி 1, 2, 4 என்றால் 1350, இல்லையேல் 1700. நிஜத்தில் 77இன் இடத்தில் 600 இலக்கத்துக்கு மேற்பட்ட எண் நிற்கும். அதன் காரணிகள் தெரியாமல் இரண்டையும் பிரித்தறியும் விரைவான வழி இன்றைய கணினிகளுக்கு யாரும் கண்டுபிடித்ததில்லை. ஒரு பிட்டை ஒளிக்க 2048 பிட் செலவு, ஊதாரித்தனம்தான்; இருந்தாலும் என்ன அழகு!

இப்படிப் பெரிய எண்ணைப் பகா எண்களைப் பெருக்கித்தான் செய்கிறோம்; அந்தப் பேச்சில் ஒரு கதையும் வரும். கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலோடு சேர்ந்து 2002இல் பகா எண் சோதனையைத் தந்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்தார்கள். இதைக் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்க வேண்டும்.

சண்டை மூளும் நாள் ஓசிபி2 பற்றிப் பேசும் நாள். 2004இல் பாதுகாப்பு நிறுவலோடு வந்த பூட்டும் முறை அது. 2009இல் ஐஎஸ்ஓ தரமும் ஆனது. 2018இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இனோவேயும் மினெமட்சுவும் அதை உடைத்தார்கள். ஓட்டை நிறுவலிலேயே இருந்தது! 'அப்போ நிறுவல் எதுக்கு சேர்?' என்று ஒருவன் எழும்புவான். 'நிறுவல் இருந்தபடியால்தானே எந்த வரி பிழை என்று காட்ட முடிந்தது' என்று பின்வாங்கிலிருந்து ஒரு அக்கா பாய்வாள். நான் சோக்கட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அடுத்த லீவுக்கு பசறை, பிபிலைப் பக்கத்திலிருந்தும் யாராவது வாருங்கள். கூட்டல், பெருக்கல், மீதி தெரிந்தால் போதும். பிளேன்டீ என் செலவு.